சந்தாப் பணத்தில் நடந்த வழக்குகள்

மலையகத்து நோர்வூட்டில் பொலிஸ் நிலையம் இருக்கிறது. வழக்கு என்று வந்துவிட்டால் ஹட்டன் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். டிக்கோயா வழியாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தொலைவு பெரிதில்லை. ஆனால் கொழுந்து பறிக்கும் ஒருவருக்குத் தவணை வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். சாட்சி சொல்லக் கூட வருகிறவருக்கும் பேர் இல்லை. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, சட்டத்தரணிக்கான கட்டணம் எல்லாம் அதற்கு மேல். தவணை தள்ளிப்போனால் அடுத்த மாதம் மறுபடியும் அதே செலவு. நாட்சம்பளக்காரருக்கு வழக்கு என்றால் நியாயம் அநியாயம் பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இந்தச் செலவை இதுவரை ஏற்றவர்கள் யார், தொழிலாளிக்காக எழுந்து நின்று பேசியவர்கள் யார் என்று தேடிப் போனால், மலையக வரலாற்றில் அதிகம் எழுதப்படாத ஒரு பகுதி திறக்கிறது. இலங்கை அரசு சட்ட உதவிக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது 1978இல். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே தோட்டத் தொழிலாளர்கள் தங்களுக்கான சட்ட உதவிக்குத் தாங்களே பணம் கட்டிவந்தார்கள். மாதாமாதம் அவர்கள் கொடுத்த தொழிற்சங்கச் சந்தாதான் அந்தப் பணம்.

தொழிலாளி முதன்முதலில் நீதிமன்றத்தைப் பார்த்தது குற்றவாளியாக. எஜமான் வேலையாள் உறவை ஒழுங்குபடுத்த 1841இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1865இன் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. சொல்லாமல் வேலையை விட்டுப் போவது, சொன்ன வேலையைச் செய்ய மறுப்பது, தோட்ட நிர்வாகியான துரையிடம் மரியாதைக் குறைவாக நடப்பது எல்லாம் அந்தச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றங்கள். தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அபராதம், சேர வேண்டிய சம்பளம் பறிபோவது. இன்றைக்கு ஒப்பந்த மீறல் என்று சொல்லி நட்டஈடு கேட்கும் விடயத்துக்கு அன்று கடூழியச் சிறை. டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்துக் காடுகளை வெட்டிக் கோப்பி போட்ட காலமும், கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த காலமும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் கழிந்தன.

துரைமாருக்கு 1854 முதலே ஒரு சங்கம் இருந்தது. அரசாங்கத்திடம் பேசவும், சட்டமூலங்களைத் திருத்தவும், வழக்கறிஞர்களை அமர்த்தவும் அதற்கு வசதி இருந்தது. கூண்டில் நின்ற தொழிலாளிக்கோ வழக்கு நடந்த ஆங்கிலம் தெரியாது. அவருக்காகப் பேச அப்புக்காத்தோ புரொக்டரோ வருவது அபூர்வம்.

1889இல் வந்த இன்னொரு கட்டளைச் சட்டம் தோட்டங்களில் தொழிலாளர் பதிவேடு வைக்கச் சொன்னது. மாதச் சம்பளத்தை, மாதம் முடிந்து அறுபது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றது. இரண்டு மாதத் தாமதத்தைச் சட்டமே அனுமதித்தது என்பதிலிருந்து, அதற்கு முன்னர் எத்தனை மாதம் சம்பளம் நிலுவையில் கிடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இதற்கிடையில் துண்டு முறை வேர்விட்டிருந்தது. ஆள் சேர்த்துவந்த கங்காணியிடம் தொழிலாளி பட்ட கடனை யாராவது அடைத்தால் இந்த ஆளை விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அந்தச் சீட்டோடு ஆளும் கடனும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறின.

இதற்கு எதிரான முதல் ஒழுங்கான குரல் சட்டம் படித்தவர்களிடமிருந்து வந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் செயலாளரானவர் பெரி சுந்தரம். மலையகச் சட்டத்துறையின் கதையில் இவர் பெயரை முதலில் எழுத வேண்டும். 1890இல் மடுல்கலைப் பக்கத்தில் தோட்டச் சூழலில் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து வழக்கறிஞரானவர் அவர். சங்கம் கையில் எடுத்தது இரண்டு கோரிக்கைகளை: துண்டு ஒழிய வேண்டும், வேலையை விட்டதற்குச் சிறை என்பது ஒழிய வேண்டும். துண்டு 1921இல் ஒழிந்தது. சிறைத் தண்டனை அடுத்த ஆண்டில் நீங்கியது. இந்தியாவிலிருந்து வந்த அழுத்தமும் அதற்குக் காரணம். 1922இன் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தை ஒட்டி, 1923இலிருந்து இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் இருந்து தோட்டங்களைப் பார்வையிட்டு, முறைப்பாடுகளைக் கேட்டு, ஆண்டறிக்கை எழுதினார். தொழிலாளி தன் குறையை எழுதி அனுப்ப ஓர் உத்தியோகபூர்வ முகவரி கிடைத்தது அப்போதுதான்.

பெரி சுந்தரம் 1931இல் ஹட்டன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபைக்குப் போனார். தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். அவர் அமைச்சராக இருந்த காலத்தில் 1934இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும் நிறைவேறின. இரண்டும் இன்றைக்கும் நடைமுறையில் இருப்பவை. தோட்டத்தில் பிறந்த ஒருவர் சட்டம் படித்துச் சட்டம் இயற்றும் இடம்வரை போனார் என்பது பெரிய செய்தி. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அவருக்குப் பின்னால் அந்தப் பாதையில் பல பத்தாண்டுகள் மிகச் சிலரே நடக்க முடிந்தது என்பது. அதன் காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

அதே 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் அவர், வழக்கறிஞர் அல்லர். தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவது அத்துமீறல் எனப்பட்ட காலத்தில் துணி வியாபாரி வேடத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போனவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவருடைய பத்திரிகையும் துண்டுப் பிரசுரங்களும், மனைவி மீனாட்சி அம்மாள் பாடிய பாட்டுகளும், சட்டம் தொழிலாளிக்கு என்ன தருகிறது என்பதை அவர்கள் பேசும் தமிழிலேயே எடுத்துச் சொல்லின. சட்டக் கல்வி லயத்து வாசலுக்கு வந்தது அந்த வழியில்.

பெரிய வழக்கறிஞர்கள் மலையகத்துக்காக மன்றேறிய நாட்களும் உண்டு. மடுல்கலையில் உள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் தொழிலாளர் பக்கம் சேர்ந்து மேடையேறினார். ஆளுநர் ஸ்டப்ஸ் 1937இல் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். அவருக்காக எச். வி. பெரேரா வாதாடினார், ஆளுநரின் உத்தரவு சட்டத்துக்கு மாறானது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதை ஆராய்ந்த ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். இவை அரசியலின் வேகத்தில் நடந்தவை. தினசரி வாழ்க்கையில், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வேலை நிறுத்தப்பட்டவருக்கு, அரைப்பேர் போடப்பட்டவருக்கு இப்படிப்பட்டவர்கள் வரப்போவதில்லை.

சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் படிக்கப்படும் ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கு இருக்கிறது. கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அங்கிருந்தவர்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் போகவில்லை. 1946இல் அதை ஒட்டிப் பெரும் வேலைநிறுத்தமும் நடந்தது. லயத்துக் காம்பிராவை (அறையை) விட்டு வெளியேறாத சின்னசாமி செல்வநாயகம் மீது குற்றவியல் அத்துமீறல் என்று வழக்குப் போட்டார்கள். தண்டனைச் சட்டக் கோவைப்படி, நிலத்தை வைத்திருப்பவருக்குத் தொல்லை தரும் எண்ணம் இருந்தால்தான் அது குற்றம். ஒருவர் போகாமல் இருந்தால் நிர்வாகிக்குத் தொல்லைதானே, அது அவருக்குத் தெரியும்தானே என்பது வழக்குத் தொடுத்தவர்களின் வாதம். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1950இல் தீர்ப்பு வந்தது: அவருடைய முதன்மையான எண்ணம் தன் வீட்டில் இருப்பது, அதனால் இன்னொருவருக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்திருப்பது மட்டும் குற்றமாகாது. தண்டனை இரத்தானது.

காம்பிராவை வீடு என்று ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது. வேலை போனால் கூரையும் போகும் என்ற பயத்தில் காலம் தள்ளிய சமூகத்துக்கு அதன் பெறுமதி அதிகம். 1971இல் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய விசேட சட்டம் வந்து, வேலை முடிந்ததும் ஒருவரை வெளியேற்ற நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும் என்றாக்கியது.

ஆனால் 1950இல் அந்தத் தீர்ப்பு வந்த நேரத்தில் கூரையைவிடப் பெரிய ஒன்று கைவிட்டுப் போயிருந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் எடுத்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது; 1952இல் ஒருவரும் இல்லை. ருவான்வெல்ல வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கோரிய கோடகன் பிள்ளையின் வழக்கு இந்த இரு சட்டங்களையும் சோதித்துப் பார்த்தது. இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்த்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அதை மாற்றியது. பிரிவி கவுன்சில் 1953இல் மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் பிரஜைகள் யார் என்று முடிவுசெய்யும் உரிமை சட்டமன்றத்துக்கு உண்டு என்பது அதன் நியாயம். அன்றைய அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு சிறுபான்மையினரைக் காக்கும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

இங்கிலாந்தில் ஏழைகளுக்கு அரசு செலவில் சட்ட உதவி தரும் சட்டம் நிறைவேறியதும் இதே 1949இல்தான். இங்கே அதே ஆண்டு, பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வழிசெய்யும் இந்தியர் பாகிஸ்தானியர் சட்டம் வந்தது. மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததை எழுத்தில் நிரூபிக்க வேண்டும். காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்தது. 1951 ஆகஸ்ட் காலக்கெடு நெருங்கியதும் எல்லோரும் விண்ணப்பப் பத்திரத்தோடு அலைந்தார்கள். பிறப்புப் பதிவு இல்லாதவர்கள், தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயரும் கங்காணியின் கணக்கில் வேறொரு பெயரும் உள்ளவர்கள், ஒருமுறை ஊருக்குப் போய்வந்தவர்கள் எல்லோருக்கும் பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டது. சங்க அலுவலகத்து எழுதுவினைஞரும், பள்ளிக்கூட வாத்தியாரும், பெட்டிஷன் எழுதுபவரும் அந்த இரண்டாண்டில் சட்டத்தரணியின் வேலையைச் செய்தார்கள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

வாக்கில்லாத மனிதருக்குத் தொழிற்சங்கம் மட்டும் மிஞ்சியது. தொழிற்சங்கத்தில் சேரப் பிரஜாவுரிமை தேவையில்லை. அரசியலில் மூடப்பட்ட கதவுக்குப் பதிலாகத் தொழில் சட்டத்தில் ஒரு கதவு திறந்ததும் அந்தக் காலத்தில்தான். 1950இன் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தை 1957இல் திருத்தியபோது தொழில் நியாயசபைகள் உருவாகின. தொழில் அமைச்சராக இருந்தவர் ரி. பி. இலங்கரத்ன. வேலைநீக்கத்துக்கு எதிராகத் தொழிலாளி தானே விண்ணப்பிக்கலாம், அவருக்காகச் சங்கமும் விண்ணப்பிக்கலாம். சட்டத்தின் நுணுக்கத்தை மட்டும் பார்க்காமல் நீதியும் நியாயமுமான கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரம் நியாயசபைக்கு உண்டு. சட்டத்தரணி இல்லாமல் சங்கப் பிரதிநிதியே எழுந்து வழக்குப் பேசலாம்.

மலையகத்தைப் பொறுத்தவரை இந்தக் கடைசி வரி ஒரு புரட்சி.

தோட்டத்தில் வழக்கு எப்படி நகரும் என்று பார்த்தால் அது விளங்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாய்த்தகராறு. கணக்கப்பிள்ளை முறையிடுகிறார். துரை குற்றப்பத்திரம் கொடுத்து வேலையை நிறுத்தி வைக்கிறார். தோட்டத்து உள்விசாரணை நடக்கிறது, பிறகு வேலையிலிருந்து நீக்கும் பற்றுச்சீட்டு. தொழிலாளி சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் போகிறார். தலைவர் முதலில் ஒப்பீஸில் பேசிப் பார்ப்பார். முடியாவிட்டால் ஹட்டனில் உள்ள சங்க அலுவலகத்துக்குக் கடிதம். மாவட்டப் பிரதிநிதி வந்து துரையைச் சந்திப்பார். அதிலும் தீராவிட்டால் தொழில் திணைக்களம், அதற்குப் பிறகு நியாயசபை. வேலைநீக்கத்தை நிர்வாகம் ஒத்துக்கொண்டால், அது நியாயமானது என்று காட்டும் பொறுப்பும் நிர்வாகத்தின் தலையில்தான். ஆகவே முதலில் சாட்சி சொல்ல ஏறுவது துரை. அவரைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்திருப்பவர், பல வேளைகளில், தானும் ஒரு லயத்தில் பிறந்து, எட்டாம் பத்தாம் வகுப்போடு நின்ற சங்கப் பிரதிநிதி.

எதிர்ப்பக்கத்தில் கம்பனியின் சட்டத்தரணி இருப்பார், அல்லது 1929இல் தொடங்கிய தொழில்தருநர் சம்மேளனம் போன்ற அமைப்புகளின் அனுபவசாலிகள் இருப்பார்கள். பிரதிநிதிகள் இந்த வித்தையை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். கட்டளைகளின் பிரதிகளைச் சேர்த்து வைத்தார்கள். செக்ரோலை எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தால் துரையின் சாட்சியம் முரண்படும் என்று பழகினார்கள். சங்கங்களும் தொழில்தருநரும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் வாசகங்கள் மனப்பாடம். ஹட்டன் நகரில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், வி. கே. வெள்ளையன் 1965இல் தொடங்கிய தொழிலாளர் தேசிய சங்கம், செங்கொடிச் சங்கம் என்று அலுவலகங்கள் பெருகியபோது ஒவ்வொன்றிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். மலையகத்தின் முதல் பெரிய வழக்காடும் பரம்பரை இவர்கள்தான். சான்றிதழ் இல்லை என்பதற்காக இவர்களை வரலாறு விட்டுவிடக் கூடாது.

நியாயசபைக்கும் சோதனை வந்தது. அதன் தலைவர்கள் நீதிச்சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்படாதவர்கள் என்பதால் அவர்கள் கட்டளைகள் செல்லாது என்று 1960களின் நடுவில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1967இல் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. அதன் பின்னர்தான் நியாயசபைகள் உறுதியாக நின்றன.

இந்த ஏற்பாட்டில் இரண்டு பெரிய குறைகள் இருந்தன. முதலாவது, சங்கம் எதற்குச் சட்ட உதவி கொடுக்கும் என்பதைச் சங்கமே முடிவு செய்தது. சந்தா கட்டுகிறவர்தான் உறுப்பினர். சங்கம் மாறினால் பழைய சங்கத்தில் கிடந்த வழக்கு அந்தரத்தில். 1978இலிருந்து பெரிய சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் அமைச்சரவையில் இருந்தார். தோட்டங்களைப் பெரும்பாலும் அரசே நடத்திய காலம் அது. அரசுக்கு எதிராக எவ்வளவு தூரம் வழக்காடுவது என்பது அரசியல் கேள்வியானது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. சங்கத்துக்குத் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலான சண்டை தெரியும். புருஷனுக்கும் பெண்சாதிக்கும் இடையிலானது அதன் கணக்கில் இல்லை. கொழுந்து மலையில் நிற்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். சந்தா அவர்கள் சம்பளத்திலும் பிடிக்கப்பட்டது. ஆனால் தோட்டத் தலைவர் அநேகமாக ஆண். மாவட்டப் பிரதிநிதியும் ஆண். குடித்துவிட்டு அடிக்கும் கணவன், பிள்ளைச் செலவு கொடுக்காமல் கொழும்புக்குப் போனவன், பதிவில்லாத கலியாணம் இவையெல்லாம் தலைவர் வீட்டு வாசலிலோ கோயில் கமிட்டியிலோ பேசி ‘சமாதானம்’ ஆக்கப்பட்டன. அந்தச் சமாதானத்தின் விலையைக் கொடுத்தவள் அந்தப் பெண்.

அரசின் சட்ட உதவி பொருந்தும் இடம் இதுதான். 1978இன் 27ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டம் சட்ட உதவி ஆணைக்குழுவை உருவாக்கியது. உறுப்பினர் ஒன்பது பேரில் அறுவரைச் சட்டத்தரணிகள் சங்கமும் மூவரை நீதி அமைச்சரும் பெயரிடுகிறார்கள். வருமான வரம்புக்குள் இருப்பவருக்கு ஆலோசனையும் நீதிமன்றத்தில் தோன்றுவதும் இலவசம். நீதிமன்றங்களை ஒட்டி நிலையங்கள் வைத்து ஆணைக்குழு வேலை செய்கிறது. தாபரிப்பு, விவாகரத்து, 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை போன்றவைதான் அதன் அன்றாட வேலை. தோட்டத்துப் பெண்ணுக்குச் சங்கம் தராததைத் தர வேண்டிய இடம் அது.

தர முடிகிறதா என்பது பணத்தைப் பொறுத்தது. ஆணைக்குழு திறைசேரியின் ஒதுக்கீட்டை நம்பியிருக்கிறது. கூடுதல் வேலைக்கு வெளிநாட்டு உதவி தேவைப்படுகிறது. 2000களில் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் ஆதரவில், பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எடுத்துக்கொடுக்கும் நடமாடும் சேவைகள் தோட்டங்கள் பக்கம் வந்தன. திட்டப் பணம் ஒரு காலத்துக்குத்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், சேமலாப நிதி அட்டையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று என்று ஓய்வு வயதில் பணம் எடுக்க முடியாமல் நிற்பவர் அடுத்த ஆண்டும் வருவார்.

சட்ட உதவியில் பணம் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மலையகத்திலேயே ஒரு சான்று உண்டு. நாடற்றவர் பிரச்சினை இந்தியாவுடனான 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 1988 சட்டம் என்று இழுபட்டு, 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தில் முடிவுக்கு வந்தது. அதை நடைமுறைப்படுத்த ஐ.நா. அகதிகள் ஆணையமும் தொழிற்சங்கங்களும் தொண்டர்களைப் பயிற்றுவித்துத் தோட்டம் தோட்டமாக அனுப்பின. பத்து நாளையொட்டிய காலத்தில் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள். 1951இல் அலைந்து தோற்ற அதே வேலை, இம்முறை எளிய பத்திரத்தோடும் உதவிக்கு ஆளோடும் நடந்தது.

பெரி சுந்தரத்துக்குப் பின்னால் பாதை ஏன் வெறிச்சோடியது என்ற கேள்விக்குப் பதில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. கொழும்பில் சட்டக் கல்லூரி 1874இலிருந்து இருக்கிறது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. ஓராசிரியர், ஐந்தாம் வகுப்பு, அதோடு மலைக்கு. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில். 1980களில் சுவீடன் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. முதலில் ஆசிரியர்கள் வந்தார்கள். அந்த ஆசிரியர்களின் மாணவரிடையேயிருந்துதான் சட்டத்தரணிகள் வந்தார்கள். இன்று ஹட்டன், நுவரெலியா நீதிமன்றங்களில் லயத்தில் பிறந்த கறுப்பு அங்கிக்காரர்களைக் காணலாம், பெண்களும் உட்பட.

அவர்களுக்கு மூன்று மொழி வேண்டும். கட்சிக்காரர் பேசுவது தமிழ். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவேட்டின் மொழி அரசியலமைப்பின்படி சிங்களம். கொழும்பு மேல்முறையீட்டு மன்றங்களில் வாதம் ஆங்கிலத்தில். ஹட்டன் பகுதியின் அம்பகமுவ பிரதேசம் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவாக அறிவிக்கப்பட்டது. மொழி தெரியாதவருக்கு அரசு செலவில் மொழிபெயர்ப்பு உண்டு என்று 24ஆவது உறுப்புரை சொல்கிறது. இருந்தும் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்திட்ட கதைகள் மலையகத்தில் ஏராளம். சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020இன் இறுதியில் வந்த ஒழுங்குவிதி நிலைத்திருந்தால், தமிழ் மொழியில் உயர்தரம் படித்துவரும் மலையகப் பிள்ளைக்கு இன்னொரு மதில் எழுந்திருக்கும். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதைத் தோற்கடித்தது. ஆனால் ஆங்கிலத் தேவை அதனால் குறைந்துவிடவில்லை. சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த தோட்டத்துப் பிள்ளைக்குக் கொழும்பில் தங்கும் செலவுக்கும், தொழில் பழகும் ஆறு மாதத்துக்கும், முதல் வழக்குகள் வரும்வரை உள்ள வெறும் காலத்துக்கும் யாராவது பணம் கொடுத்தாக வேண்டும். இலவசமாக ஏழைகளின் வழக்கைப் பேச மனமிருந்தும், கடனோடு தொழில் தொடங்குபவரால் எத்தனை நாளைக்குப் பேச முடியும்?

பணமில்லாமல் எட்டாத இன்னொரு கதவும் உண்டு. அடிப்படை உரிமை மீறலுக்கு வழக்குப் போட உயர் நீதிமன்றம் ஒன்றுதான் இடம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். நோர்வூட்டில் பொலிஸிடம் அடிபட்டவர் அதற்குள் கொழும்பில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தாக வேண்டும். இதற்கும் சந்தாப் பணம் வந்ததில்லை.

அந்தச் சந்தாவும் இப்போது சுருங்கிவிட்டது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கைமாறியபோது மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த நிரந்தரத் தொழிலாளர் தொகை பாதிக்கும் கீழே போய்விட்டது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் வளைகுடா வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். அங்கே சங்கம் இல்லை. 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்கிய பிறகு கூட்டு ஒப்பந்தமும் நின்றுபோனது. 2024இல் 1,700 ரூபாய் என்று வந்த வர்த்தமானியைக் கம்பனிகள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் இடைக்காலத் தடை வாங்கின. பின்னர் அந்த ஆண்டே 1,350 என்று நிர்ணயமானது.

பல தோட்டங்களில் இப்போது புதிய ஏற்பாடு வருகிறது. நாட்சம்பளத்துக்குப் பதிலாகத் தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்தைக் கிலோ விலைக்குக் கம்பனி வாங்குகிறது. இந்த முறைக்குப் போனவருக்குச் சேமலாப நிதி உண்டா, 1983 சட்டத்தின்படி வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம் என்ற சேவைகாலப் பணம் உண்டா, வேலையை எடுத்துவிட்டால் நியாயசபைக்குப் போகலாமா? எல்லாம் ஒரே கேள்வியில் தொங்குகின்றன: அவர் தொழிலாளியா, சிறு விவசாயியா. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் வரைவிலக்கணம், தானே நேரில் ஒரு வேலையைச் செய்து கொடுப்பதாக ஒப்பந்தம் செய்தவரையும் தொழிலாளி என்கிறது. அந்த வரியைப் பிடித்து வாதாட இடம் இருக்கிறது. வேலை போனால் நியாயசபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம் அவகாசம். சந்தா பிடிக்கச் சம்பளச் சிட்டையே இல்லாத அந்தக் குடும்பம், அந்த ஆறு மாதத்துக்குள் ஹட்டன் சட்ட உதவி நிலையத்தின் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும்.